பாதி டம்ளர் மிச்சம்

விருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, டம்ளர்களைக் கழுவ எடுத்து வைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. மொத்தம் 22 டம்ளர். அதில் 14 டம்ளரில் பாதிக்கு மேல் லெமனேடு அப்படியே இருந்தது. நல்ல கோடை மதியம், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் வெயில். வந்தவர்களுக்குத் தாகம் இல்லை என்று சொல்லவே முடியாது. பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர் ஜாடியை நானே இரண்டு தடவை நிரப்பினேன். அப்படியென்றால் தாகத்துக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு, நான் பார்த்துப் பார்த்துச் செய்ததை மரியாதைக்கு இரண்டு வாய் குடித்து ஓரமாக வைத்திருக்கிறார்கள். கேட்டபோது ஒருத்தர் பாக்கியில்லாமல் "நல்லா இருக்கு" என்றுதான் சொன்னார்கள். வாய் ஒன்று சொன்னது, டம்ளர் வேறொன்று சொன்னது.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றலாம். எனக்கு அது பெரிய விஷயம்தான். வெயிலில் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்கிறவர் கையில் முதலில் எதைக் கொடுக்கிறோமோ, அதில்தான் "வாங்க" என்ற சொல்லே முழுதாகிறது. சாப்பாட்டில் ஒரு பண்டம் சுமாராக இருந்தால் இன்னொன்று கைகொடுக்கும். அந்த முதல் டம்ளருக்கு அப்படித் துணை எதுவும் கிடையாது. அதனால் அந்த 14 டம்ளரையும் தொட்டியில் கொட்டும்போது மனசு கேட்கவில்லை. ஒரு வாரம் ஆகியும் அந்த நினைப்பு போகவில்லை.

அன்றைக்கு நான் செய்தது இதுதான். முந்தின நாள் இரவே ஒரு பெரிய பாத்திரத்தில் எல்லாவற்றையும் கலந்து வைத்துவிட்டேன். நாற்பது எலுமிச்சம்பழத்தை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அழுத்திப் பிழிந்தேன். அழகுக்காக இன்னும் ஐந்தாறு பழத்தை வட்டம் வட்டமாக நறுக்கி மிதக்க விட்டேன். புதினா ஒரு கட்டு, இஞ்சியோடு சேர்த்து மிக்ஸியில் அரைத்து ஊற்றினேன். ஸ்ட்ராபெர்ரி, அன்னாசி, தர்பூசணி என்று மூன்று பழம். பழம் கூடினால் ருசி கூடும் என்றுதான் நினைத்தேன். காலையில் ஐஸ் கட்டிகளை மொத்தமாகக் கொட்டி, மூடி வைத்துவிட்டு மற்ற வேலைக்குப் போய்விட்டேன். விருந்து நேரத்தில் அடுப்படியில் நிற்காமல் வந்தவர்களோடு உட்கார்ந்து பேசலாம் என்பதுதான் கணக்கு.

முதல் நாள் இரவு அண்ணிதான் ருசி பார்த்தார். ஒரு கரண்டி வாங்கிக் குடித்துவிட்டு, "அருமையா இருக்கே, இன்னும் கொஞ்சம் குடு" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். மறுநாள் மதியம் பாதி வைத்த டம்ளர்களில் ஒன்று அவருடையது. ஒரு வாரம் கழித்து அதைத்தான் போனில் கேட்டேன்.

"அண்ணி, மனசுல வெச்சுக்காம உண்மையச் சொல்லுங்க. அன்னிக்கு என்ன ஆச்சு அந்த லெமனேடுக்கு?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நல்லாதான் இருந்துச்சு. ஆனா முழுங்கினப்புறம் அடி நாக்குல ஒரு கசப்பு நின்னுச்சு பாரு, அது போகவே இல்ல. ராத்திரி நீ குடுத்தப்ப அது இல்லயே, அதான் எனக்கும் புரியல" என்றார்.

ராத்திரி இல்லை, மதியம் இருந்தது. அதே எலுமிச்சை, அதே சர்க்கரை, அதே பாத்திரம். இடையில் நான் சேர்த்தது ஐஸ் மட்டும்தான், ஐஸ் கசக்காது. அதுவரை அளவில்தான் தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து, சர்க்கரை கூடவா குறைவா, பழம் அதிகமா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி சொன்ன பிறகுதான் உறைத்தது, நான் கணக்கில் சேர்க்காமல் விட்டது அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை.

பின்னால் வந்த கசப்பு

அடுத்த சனிக்கிழமை ராத்திரி நாலு கண்ணாடி டம்ளரை வரிசையாக வைத்தேன். முதல் டம்ளரில் விதை நீக்கி, கையால் லேசாகப் பிழிந்த சாறு. இரண்டாவதில் அதே பழத்தை இடுக்கியில் வைத்து, விதை நொறுங்குகிற வரை அழுத்திப் பிழிந்த சாறு. மூன்றாவதில் லேசாகப் பிழிந்த சாற்றில் தோலோடு நறுக்கிய இரண்டு வட்டம். நாலாவதில் அதே சாறோடு மிக்ஸியில் அரைத்த புதினா. நாலிலும் ஒரே அளவு சர்க்கரை, ஒரே அளவு தண்ணீர். அப்போதே ருசி பார்த்தேன். நாலும் நன்றாக இருந்தன. சொல்லப்போனால் புதினா அரைத்ததுதான் எல்லாவற்றையும்விட மணமாக இருந்தது. மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

மறுநாள் மதியம் எடுத்தபோது நாலாவது டம்ளரின் நிறமே மாறியிருந்தது. பளிச்சென்ற பச்சை போய், ஊறின காய்ந்த இலையின் பழுப்பு வந்திருந்தது. முகர்ந்தால் புதினா இல்லை, வைக்கோல். மூன்றாவது டம்ளரை வாயில் வைத்தேன். முதலில் புளிப்பு, அடுத்து இனிப்பு, விழுங்கியாயிற்று, சரி பரவாயில்லை என்று நினைக்கிற நேரத்தில் நாக்கின் பின்பக்கம் மெதுவாக ஏறியது பாருங்கள், அண்ணி சொன்ன அதே கசப்பு. வந்தது போகவில்லை. இரண்டாவது டம்ளரிலும் அது இருந்தது, கொஞ்சம் மட்டாக. முதல் டம்ளரில் புத்துணர்ச்சி குறைந்திருந்தாலும் கசப்பு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. அந்த நாலு டம்ளருக்கு முன்னால் நின்றபோது, விருந்து முடிந்ததிலிருந்து தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது. அந்த 14 டம்ளருக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

இதற்கு அறிவியலில் பெயரே இருக்கிறது, தாமதக் கசப்பு. எலுமிச்சை வகைப் பழங்களில் லிமோனின் என்று ஒரு கசப்புப் பொருள் உண்டு. விதையில் அது நேரடியாகவே இருக்கிறது, அதனால்தான் விதையைக் கடித்தால் உடனே கசக்கிறது. சுளையின் சவ்விலும் தோலுக்கு அடியில் இருக்கிற வெள்ளைப் பகுதியிலும் இருப்பது வேறு, லிமோனினாக மாறப்போகிற, ஆனால் இன்னும் மாறாத ஒன்று. அதற்குக் கசப்பே கிடையாது. பழத்தை நறுக்கும்போதும் அழுத்தும்போதும் அது புளிப்புச் சாற்றோடு கலக்கிறது, கலந்த பிறகு மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக லிமோனினாக மாறுகிறது. சூடு இருந்தால் இன்னும் வேகமாக. பத்து லட்சத்தில் சில பங்கு சேர்ந்தாலே நம் நாக்கு கண்டுபிடித்துவிடும். நேவல் ஆரஞ்சைச் சாறு பிழிந்து விற்கிறவர்களுக்கு இது பழைய தலைவலி: மரத்திலிருந்து பறித்துச் சாப்பிட்டால் தேன், பிழிந்து வைத்தால் கசப்பு. நான் அழகுக்கென்று மிதக்கவிட்ட அந்த வட்டங்கள் ராத்திரி முழுக்க, நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, இதைத்தான் செய்துகொண்டிருந்தன.

அதிலிருந்து எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. நாலு பேருக்குச் செய்யும் லெமனேடைப் பத்தால் பெருக்கினால் நாற்பது பேருக்கு ஆகிவிடாது. நாலு பேருக்கு என்றால் பிழிந்த கையோடு குடித்துவிடுவார்கள். நாற்பது பேருக்கு என்றால் இடையில் நேரம் புகுந்துவிடுகிறது. ஆகவே எதை நேரம் வளர்க்கும், எதை நேரம் கெடுக்கும் என்று பிரித்து வைத்துக்கொள்வதுதான் வேலையே. வளர்கிறதை முந்தின நாள் செய்யலாம். கெடுகிறதைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்க வேண்டும்.

தோலும் சர்க்கரையும்

நேரம் வளர்க்கிற முதல் பொருள் தோல். எலுமிச்சை வாசனை என்று நாம் சொல்வது பெரும்பாலும் சாற்றில் இல்லை. சாறு கொடுப்பது புளிப்பு. வாசனை முழுக்க அந்த மஞ்சள் தோலில் இருக்கிற குட்டிக் குட்டி எண்ணெய்ப் பைகளில்தான். நான் இத்தனை நாளும் அந்தத் தோலைப் பிழிந்ததோடு குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

காய்கறித் தோல் சீவியால் மஞ்சளை மட்டும் மெல்லிசாகச் சீவுங்கள். வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தால் கை கனமாகப் போகிறது என்று அர்த்தம். 12 பழத்தின் தோலுக்கு 500 கிராம் சர்க்கரை போட்டு, விரல் நுனியால் பிசறி, மூடி வைத்துவிடுங்கள். பழத்துக்கு மெழுகு பூசியிருந்தால் முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் நடக்காது, வெறும் உலர்ந்த சர்க்கரையில் தோல் சுருள்கள் கிடக்கும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் சர்க்கரை ஈர மணலாகியிருக்கும். மூன்று நாலு மணி நேரத்தில் தோல்கள் வதங்கிச் சுருங்கி, பாத்திரத்தின் அடியில் பளபளவென்று ஒரு மஞ்சள் பாகு தேங்கி நிற்கும். சர்க்கரைக்கு ஈரத்தை இழுக்கிற குணம் உண்டு. அது இழுக்கும்போது எண்ணெயும் கூடவே வந்துவிடுகிறது. மூடியைத் திறக்கும் அந்த நொடியில் வருகிற வாசனையைப் பக்கத்து அறையில் இருப்பவர்கூட கேட்பார், என்ன செய்கிறாய் என்று. பஞ்ச் வகைப் பானங்கள் செய்தவர்களுக்கு இது பல தலைமுறைக்கு முன்பே தெரிந்த வித்தை. லத்தீனில் அதற்கு எண்ணெய்ச் சர்க்கரை என்றே பொருள்படும் ஒரு பெயரும் உண்டு.

அதில் இன்னொரு 500 கிராம் சர்க்கரையும் 1 லிட்டர் சுடுதண்ணீரும் ஊற்றிக் கரைத்து, ஆறியதும் தோலை வடிகட்டினால் சுமார் 1.6 லிட்டர் பாகு கிடைக்கும். இதை முந்தின நாள் என்ன, மூன்று நாளைக்கு முன்னாலேயே செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். சர்க்கரையைப் பாகாக்குவதில் இன்னொரு லாபம், அது குளிர்ந்த தண்ணீரில் கரைய மாட்டேன் என்று அடம்பிடித்து ஜாடியின் அடியில் படிந்து கிடக்காது. முதல் டம்ளர் புளித்து, கடைசி டம்ளர் தித்திக்கிற தொல்லை இல்லை. ரோஸ்மேரி, எலுமிச்சைப்புல், இஞ்சி மாதிரி சூடு தாங்குகிறவற்றை இந்தச் சூடான பாகிலேயே 15, 20 நிமிஷம் ஊறப்போட்டு எடுத்துவிடலாம். அவற்றுக்குச் சூடு வேண்டும், சூடு இல்லாமல் வாயைத் திறக்காது.

சாறு அப்படியில்லை. அதை விருந்தாளிகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பிழிந்தால் போதும். பழத்தை ஃபிரிட்ஜிலிருந்து முன்கூட்டியே எடுத்து வெளியே வைத்து, உள்ளங்கையால் மேடையில் அழுத்தி நாலு உருட்டு உருட்டினால் சாறு தாராளமாக வரும். சின்னப் பழத்தில் 20, 25 மில்லி, பெரிய மஞ்சள் பழத்தில் 40 மில்லி கிடைக்கும். கடைசிச் சொட்டுக்காக மல்லுக்கட்ட வேண்டாம். அந்தக் கடைசிச் சொட்டோடுதான் சவ்வின் கசப்பும் வருகிறது. இரண்டு பழம் கூடுதலாக வாங்கிக்கொள்வது நல்லது. அலுமினியம், செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் பிழியாதீர்கள், புளிப்பு அதைத் தின்னும். கண்ணாடி அல்லது எவர்சில்வர் போதும். இன்னொன்று, வெளியில் வெயிலில் விருந்து என்றால் பிழிந்து முடித்த கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் சிலருக்குத் தீக்காயம் போலவே சிவந்து கொப்பளிக்கும். சாற்றில் இருக்கிற சில பொருள்கள் வெயிலின் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து செய்கிற வேலை அது. குழந்தைகளைப் பிழியவிட்டால் இதை மறக்கவே கூடாது.

இலையை அரைக்கக் கூடாது

புதினா விஷயத்தில் நான் என் கையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அதன் வாசனை இலைக்குள்ளே ஆழத்தில் இல்லை. மேற்பரப்பில், கண்ணுக்குத் தெரியாத சின்னச் சுரப்பிகளில் இருக்கிறது. அதை உடைக்க ஒரு தட்டு போதும். இலையை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் ஒரே ஒரு தடவை சத்தமாகத் தட்டுங்கள். தட்டிய உள்ளங்கையை முகர்ந்து பாருங்கள், அவ்வளவு வாசனையும் அங்கே இருக்கும். மிக்ஸியில் போட்டால் வாசனையோடு இலையின் பச்சையமும், துவர்க்கிற பொருள்களும் சேர்ந்து வெளியே வந்துவிடுகின்றன. புளிப்பில் பச்சையம் நிறம் இழந்து பழுப்பாகிறது, மற்றவை காற்றுப் பட்டுக் கெடுகின்றன. என் நாலாவது டம்ளர் அதுதான். பேசில் என்கிற திருநீற்றுப்பச்சிலைக்கும் இதே கதை, அது இன்னும் சீக்கிரம் கறுத்துவிடும்.

புதினா ஏன் ஜில்லென்று இருக்கிறது என்பதைத் தேடிப் படித்தபோது எனக்குப் பிடித்துப்போன ஒரு விஷயம்: குளிரை உணர்கிற நரம்பு முனைகளில் ஒரு வாயில் இருக்கிறது, மெந்தால் பட்டாலும் அதே வாயில் திறந்துகொள்கிறது. மூளைக்கு இரண்டும் ஒரே செய்திதான். 2002-ல் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியான் இருவருடைய குழுக்களும் தனித்தனியாக மெந்தாலை வைத்தே இதைக் கண்டுபிடித்தன. வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதம் பற்றிய ஆய்வுகளுக்காக 2021-ல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதே சமயம் எல்லாப் புதினாவும் ஒன்றல்ல. பெப்பர்மின்ட் வகையில்தான் மெந்தால் மிகுதி; ஸ்பியர்மின்ட் வகையில் மெந்தால் மிகக் குறைவு, அதன் வாசனை கார்வோன் என்ற வேறொரு பொருளால் வருவது. லெமனேடுக்கு எனக்கு ஸ்பியர்மின்ட்தான் பிடிக்கிறது. இனிமையான வாசனை, எலுமிச்சையை அமுக்காது. பெப்பர்மின்ட் போட்டால் வாயெல்லாம் அதுதான் நிற்கும், பழம் காணாமல் போய்விடும்.

பழத்தைப் பற்றி எனக்கு இப்போது சந்தேகமே இல்லை: ஒரு ஜாடிக்கு ஒரு பழம், ஓர் இலை. மூன்று பழம் சேர்ந்தால் மூன்றும் தெரிவதில்லை, பொதுவாக "ஏதோ பழம்" என்றுதான் நாக்குக்குப் படுகிறது. அன்றைக்கு என் பாத்திரத்தில் அன்னாசி மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது. ஸ்ட்ராபெர்ரிக்குத் திருநீற்றுப்பச்சிலை, தர்பூசணிக்குப் புதினா, பீச் பழத்துக்கு ரோஸ்மேரி, அன்னாசிக்கு இஞ்சி. இதில் எனக்கு மிகவும் பிடித்தது முதல் ஜோடி. ஸ்ட்ராபெர்ரியை நறுக்கி ஒரு கரண்டி சர்க்கரை தூவி அரைமணி நேரம் வைத்தால் தானாகவே சாறு விடும், அடுப்பே வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்டதும் அந்தச் சிவப்பு இன்னும் கூர்மையாகும். தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதனால் அதைப் பிழிந்தால் லெமனேடில் ஊற்றும் தண்ணீருக்குப் பதிலாக அதையே ஊற்றிவிடலாம், பாகையும் குறைத்துக்கொள்ளலாம். மாம்பழம் மட்டும் எனக்கு இன்னும் கைவரவில்லை. கெட்டியாகிவிடுகிறது, தாகத்துக்குக் குடிக்கிற பானம் என்ற குணம் போய்விடுகிறது.

பெரியவர்கள் ஒரு சிட்டிகை உப்பு போடச் சொல்வது வெறும் பழக்கம் என்று நினைத்திருந்தேன். உப்பு கசப்பை அமுக்குகிறது, அமுக்கியதால் இனிப்பு மேலே வருகிறது என்று பிரெஸ்லின், போஷாம்ப் இருவரும் 1997-ல் நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார்கள். ஒரு லிட்டருக்கு ஒரு சிட்டிகை, உப்பு தெரியக் கூடாது. இப்போது தவறாமல் போடுகிறேன்.

ஐஸ் என்பதும் தண்ணீர்தான்

கசப்புக்குக் காரணம் கிடைத்தாலும் அன்றைய லெமனேடு சப்பென்றும் இருந்தது. அதற்குக் காரணம் நான் காலையிலேயே கொட்டிய ஐஸ். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சும். 30 டிகிரியில் இருக்கிற 1 லிட்டர் பானத்தை ஐஸ் போட்டே 0 டிகிரிக்குக் கொண்டுவர 30,000 கலோரி எடுக்க வேண்டும், அதாவது 375 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். 1 லிட்டரில் 375 மில்லி தண்ணீரை நாமே ஊற்றியது மாதிரி. அதே பானம் ஃபிரிட்ஜில் 5 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தால் 60 கிராம் சொச்சம் உருகினால் போதும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று, பாகு, தண்ணீர், பழச்சாறு எல்லாவற்றையும் தனித்தனியே குளிரவைத்து, ஐஸை டம்ளரில் மட்டும் போடுவது என்று முடிவு செய்தேன். ஜாடியில் மிதக்க ஏதாவது வேண்டும் என்றால் தர்பூசணியைத் துண்டு துண்டாக வெட்டி ஃப்ரீசரில் உறையவைத்துப் போடுங்கள், உருகினாலும் பழச்சாறுதான்.

ருசி பார்ப்பதும் குளிர்ந்த பிறகுதான். பானம் குளிரக் குளிர நாக்குக்கு இனிப்பு மங்கலாகப் படும். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவது அதனால்தான். சூடாக இருக்கும்போது சரியாக இருந்த இனிப்பு, குளிர்ந்ததும் குறைவாகத் தெரியும். அதற்காகப் பயந்து முதலிலேயே சர்க்கரையைக் கொட்டவும் வேண்டாம், ஒரு டம்ளர் ஊற்றி ஐஸ் போட்டு இரண்டு நிமிஷம் கழித்துக் குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

என் அளவு இப்போது இப்படி நிற்கிறது: 1 லிட்டருக்கு 120 மில்லி சாறு, 200 மில்லி பாகு, 550 மில்லி குளிர்ந்த தண்ணீர், மிச்சம் ஐஸுக்கு. 20 பேர், ஆளுக்கு இரண்டு டம்ளர் என்றால் 8 லிட்டர். அதற்குச் சாறு ஒரு லிட்டர், பாகு மேலே சொன்ன 1.6 லிட்டர் அப்படியே. பெரிய பழம் 25, சின்னது என்றால் 50. சோடா ஊற்றுவதாக இருந்தால் தண்ணீரில் பாதியைக் குறைத்து, டம்ளரில் ஊற்றிய பிறகு கடைசியாகச் சேர்க்க வேண்டும். ஜாடியில் ஊற்றினால் பத்து நிமிஷத்தில் அடங்கிவிடும். நறுக்கிய பழமும் பழம் போட்ட ஜாடியும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். அதனால் ஒரே பெரிய பாத்திரத்தைவிட இரண்டு லிட்டர் ஜாடிகள் நாலு இருப்பது நல்லது. ஒன்று தீர்ந்ததும் அடுத்தது.

போன வாரம் மறுபடியும் எல்லோரும் வந்தார்கள். பாகு வியாழக்கிழமையே தயார். ஞாயிறு காலை பதினொரு மணிக்குத்தான் எலுமிச்சையில் கத்தி வைத்தேன். விருந்தாளிகளோடு உட்கார்ந்து பேச நேரமிருக்காது என்று பயந்தேன், நடந்தது வேறு. மேசையில் சாறு ஒரு ஜாடி, பாகு ஒரு ஜாடி, ஊறிய ஸ்ட்ராபெர்ரி ஒரு கிண்ணம், தண்ணீரில் நிற்கும் திருநீற்றுப்பச்சிலைக் கொத்து என்று தனித்தனியாக வைத்ததும் எல்லோரும் அங்கேயே கூடிவிட்டார்கள். பக்கத்தில் சங்குப்பூ ஊறிய நீலத் தண்ணீரும் வைத்திருந்தேன். அதில் எலுமிச்சைச் சாறு விழுந்ததும் நீலம் ஊதாவாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, அண்ணனின் சின்ன மகள் யாரையும் அந்தப் பக்கமே விடவில்லை, எல்லோருக்கும் அவளே கலந்து கொடுத்தாள். இலையைத் தட்டுகிற சத்தம் ஒரு மூலையிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் டம்ளர்களை எடுத்து வைத்தேன். அடியில் ஓரிரண்டு ஸ்ட்ராபெர்ரித் துண்டு, ஒட்டிக்கொண்ட ஓர் இலை, பாதி உருகிய ஐஸ். எண்ணிப் பார்க்கவில்லை. குழாயைத் திறக்கப் போகும்போது அண்ணி வந்தார், நேராகப் பாகு ஜாடியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அடியில் இரண்டு விரல் அளவு இருந்தது.

"சாறு இருக்கா?"

"அரை மூடி எலுமிச்சைதான் இருக்கு அண்ணி."

"போதும், பிழி. விதை விழாம."

பிழிந்து கொடுத்தேன். ஐஸ் தீர்ந்துபோயிருந்தது. வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி, விரலாலேயே கலக்கி, அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, டம்ளரை என்னிடம் நீட்டினார்.